பெண் தாரா, வெள்ளை, தனிமை

காலை ஏழு மணி இருபது. முதலில் கண்ணில் பட்டது தென்னங்கிடுகு வேலிக்கு மேலே தெரிந்த ஒரு தலை. அந்தத் தலையைச் சுற்றிக் காதுகளை இறுக்கி மூடி ஒரு துவாய் கட்டியிருந்தது. பல்வலிக்காரர் கட்டுவதுபோல முடிச்சு உச்சியில் நின்றது.

தலைக்குச் சொந்தக்காரர் எங்கள் பக்கத்து வீட்டுத் தில்லை அண்ணை. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. விடியவிடிய நோயாளிகளைத் தள்ளுவண்டியில் தள்ளிவிட்டு, இணுவிலுக்குச் சைக்கிள் மிதித்து வந்து, கிணற்றடியில் தோய்ந்து, திருநீறு பூசி, ஊர் எழும்பி வேலைக்குப் போகும் நேரத்தில் படுக்கிறவர். படுக்க முயல்கிறவர் என்பதுதான் அந்தக் கிழமையில் சரியான வசனம்.

"தம்பி, கேக்குதோ?" என்றார்.

கேட்காமல் இருக்க வழியில்லை. எங்கள் வாசல் படலையடியில் ஒரு வெள்ளைத் தாரா, வேறு ஊர்க்காரர் வாத்து என்பது, நின்று, கழுத்தை நீட்டி, ஒழுங்கையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. முதல் கத்தல் பெரிது. அடுத்தடுத்த கத்தல்கள் படிப்படியாகச் சிறுத்து இறங்கும். முடிந்துவிட்டது என்று நாங்கள் மூச்சு விடும்போது மறுபடி பெரிதில் தொடங்கும்.

"கேக்குது அண்ணை."

"துவாய் கட்டியும் எனக்குக் கேக்குது. பஞ்சு வைச்சும் கேக்குது. உம்மடை அக்காட்டைச் சொல்லும், வாற ஞாயிறு மட்டும் பாப்பன். அதுக்குப் பிறகு உது இங்கை நிக்கப்படாது."

"நீங்கள் சைவம் எல்லோ அண்ணை. உதை என்ன செய்யப்போறியள்?"

"நான் மச்சம் தொடுறேல்லை," என்றார் தில்லை அண்ணை. "தொடுற ஆக்களை எனக்குத் தெரியும்."

தலை வேலிக்குக் கீழே இறங்கியது.

இரண்டாக வந்தது

இந்தத் தொடரில் என் அக்காவைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்காக: பெயர் பவளம். ஊரில் பவளம் ரீச்சர். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவர். நான் அப்போது பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியர். அக்கா, அம்மா, நான் என்று வீட்டில் மூன்று பேர்.

அது தொண்ணூறுக்குப் பிந்திய ஏதோ ஒரு மாரி. காங்கேசன்துறைப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் சில மாதங்கள் எங்கள் முன்னறையில் இருந்தது. வரும்போது அவர்கள் கொண்டுவந்த சாமான்கள்: ஒரு தையல் மெசின், ஒரு குத்துவிளக்கு, ஒரு கடகத்துக்குள் இரண்டு தாராக்கள். கொழும்புக்குப் போகும்போது தையல் மெசினும் குத்துவிளக்கும் போயின. தாராக்கள் நின்றன.

யாழ்ப்பாணத்துக்குத் தாரா பொருந்தாத பிராணி. எங்களிடம் ஆறு இல்லை, ஏரி இல்லை, எல்லாத் தண்ணீரும் கிணற்றின் அடியில் கிடக்கிறது. குளமும் வயலுமாகக் கிடக்கும் வன்னியில் தாரா வளர்த்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இணுவிலில் வளர்த்தால், "ஏன் ரீச்சர், ஒரு கோழி கிடைக்கேல்லையோ?" என்று கேட்பார்கள்.

தை பிறக்கும் முன்பே ஒரு தாராவை மரநாய் கொண்டுபோனது. மிஞ்சியது பெட்டை.

அது அக்காவைப் பிடித்துக்கொண்டது. அக்கா கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி, குசினிக்குப் போனால் குசினி வாசல். அக்கா கொப்பி திருத்தினால் அது மேசைக்குக் கீழே அவருடைய செருப்பின் மேல் படுத்திருக்கும். அவர் சைக்கிளை வெளியே எடுத்துப் படலையைச் சாத்தியதும் கச்சேரி தொடங்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை, இடையிடையே தண்ணீர் குடிக்க மட்டும் நிறுத்தி, கத்தும். வைத்த தவிடு வைத்தபடி காய்ந்து கிடக்கும். வரவர அதன் நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்படத் தொடங்கியது.

ஒருநாள் அக்கா அதைச் சைக்கிள் கூடைக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனார். மூன்றாம் பாடம் வரை அது மேசைக்குக் கீழே மரியாதையாக இருந்ததாம். நான்காம் பாடம் வாய்மொழிப் பரீட்சை. ஒவ்வொரு பிள்ளையும் தடுமாறி நிறுத்தும் இடத்தில் அது பதில் சொன்னது. அதிபர் வந்து, "பவளம், நாளைக்குப் பிள்ளையளை மட்டும் வைச்சுப் படிப்பியும்," என்றார்.

பங்கர்

எல்லா வீட்டையும்போல எங்கள் வீட்டிலும் பின்வளவில், குண்டுக்குப் பதுங்க, ஒரு பங்கர் இருந்தது. பனங்குற்றி, மண்மூட்டை எல்லாம் ஒழுங்காக வைத்து, ஆள் பிடித்துக் கல் உடைத்துத் தோண்டியது. மாரி வந்ததும் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. எங்களுக்குப் பங்கர் இல்லாமல் போனது. தாராவுக்குக் குளம் கிடைத்தது.

ஹெலிகொப்டர் சுட வந்தால் வேறு போக்கிடம் இல்லை. அம்மா, அக்கா, நான் மூவரும் சீலையையும் சாரத்தையும் தூக்கிக்கொண்டு அதற்குள் இறங்கி நிற்போம். ஒரு கையால் குற்றியைப் பிடித்துக்கொண்டு அம்மா தேவாரம் சொல்வார். தாரா எங்களைச் சுற்றிச் சுற்றி நீந்தும், வாலை ஆட்டும், என் முழங்கையைக் கொத்திப் பார்க்கும். அந்தக் காலத்தில் ஹெலி வந்த நாள்களில்தான் அது முழுச் சந்தோஷமாக இருந்தது. குடும்பம் முழுவதும் அதன் வீட்டுக்கு வந்திருந்தது.

மாற்று ஏற்பாடுகள்

தில்லை அண்ணையின் தவணைக்கு முன்பே நாங்கள் சும்மா இருக்கவில்லை.

முதலில் கோழிகள். தாராவை அம்மாவின் கோழிக்கூட்டுக்குள் விட்டோம். அது தண்ணீர்ச் சட்டிக்குள் தவிட்டைக் கொட்டி, சட்டிக்குள் தானும் ஏறி இருந்து, கூடு முழுவதையும் சேறாக்கியது. கோழிகள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்று பார்த்தன. அன்று பின்னேரம் அம்மா சொன்னது: "ரெண்டு பகுதிக்கும் சரிவராது. கோழியள் பாவம்."

பிறகு கண்ணாடி. நான் முகம் வழிக்கும் கண்ணாடியை வேலியில் சாத்தி வைத்தேன். இரண்டு நாள் தாரா அதன் முன்னால் இருந்து மெல்லிய குரலில் கதைத்தது. தவிடு கூடத் தின்றது. மூன்றாம் நாள் எழும்பி, கண்ணாடியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தது. அங்கே கிடுகு மட்டும் இருந்தது. அன்றைக்குக் கத்திய கத்தல் அதற்கு முன் கத்தியதில்லை.

மூன்றாவது வானொலி. மின்சாரம் இல்லாத காலம். பற்றரியும் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றினால் வானொலி கதைக்கும். ஊரே அப்படித்தான் செய்தி கேட்டது. நான் செய்திக்காகச் சுற்றியபோது தாரா வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. ஆள் குரல் கேட்டால் போதும் போலிருந்தது. செய்தி முடிந்து நான் கையை எடுத்ததும் எழும்பிக் கத்தியது. மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு அம்மா சுற்றினார். சோறு வடிக்க எழும்பியபோது வானொலி நின்றது, தாரா தொடங்கியது. அம்மா வந்து சுற்ற, சோறு குழைந்தது. அன்று குழைந்த சோற்றைச் சாப்பிட்டபடி அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"உதுக்கு இன்னொரு தாராதான் வேணும். நான் சில்லுச் சுத்தப் பிறக்கேல்லை."

ஆனால் இன்னொரு தாரா எங்கே? சாவகச்சேரிச் சந்தை வரை சைக்கிளில் போய்க் கேட்டேன். கோழி விற்கிறவர், "இருந்த ரெண்டும் நத்தார்ப் பண்டிகைக்குப் போட்டுது தம்பி," என்றார். வன்னியில் வாங்கலாம். ஆனால் வன்னிக்கு இரவில் கடல் தாண்டிப் போகவேண்டும், படகில் ஆளுக்கே இடமில்லை.

அந்த நிலையில்தான் வேலிக்கு மேலே துவாய் கட்டிய தலை தோன்றியது. பின்னேரம் நான் சொன்னதைக் கேட்டு அக்கா, ஆள் குனிந்து நுழையும் வேலிப் பொட்டால் போய்த் தில்லை அண்ணையைச் சந்தித்தார். அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். "அந்த மனிசன் கண் சிவந்துபோய் நிக்குது. இரவிலை நோயாளியைத் தூக்கிற கை நடுங்குதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை ஒரு வழி வராட்டி நானே கொண்டுவந்து தாறன் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார்.

சொன்ன சொல்லை அக்கா மாற்றமாட்டார். ஆனால் அன்று இரவு தாராவின் நெஞ்செலும்பைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு கொப்பி ஒற்றையும் பேனையும் எடுத்தார்.

தேவை

அக்கா எழுதிய விளம்பரம் நல்ல தமிழ். "எமது இல்லத்தில் வளர்ந்துவரும் வெள்ளை நிறப் பெண் தாரா ஒன்று துணையின்றித் தனிமையால் வாடி உணவை வெறுத்துள்ளது. ஆண் தாரா ஒன்றைத் தந்துதவ விரும்பும் அன்பர்கள் நேரில் வரவும்." கீழே பெயரும் முகவரியும்.

அதை எங்கள் விளம்பரப் பகுதியில் இருந்த நடராசா அண்ணையிடம் கொடுத்தேன். காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகை கொப்பித் தாளில், நீலக் கோடுகளுக்கு மேலே, அச்சாகிக்கொண்டிருந்த காலம். ஒரு செத்த வீட்டு அறிவித்தலில் எட்டுப் பிள்ளைகள் இருந்தால் நடராசா அண்ணை மூத்தவரைப் போட்டு, "முதலியோர்" என்று முடித்துவிடுவார். அக்காவின் விளம்பரம் சனிக்கிழமை இப்படி வெளியாகியது:

"பெண் தாரா. வெள்ளை. தனிமை. ஆண் துணை தேவை. நேரில் வரவும். பவளம் ஆசிரியை, இணுவில்."

வெளியான இடம் "மணமகன் தேவை" என்ற தலைப்பின் கீழ்.

பிறகு நான் கேட்டபோது நடராசா அண்ணை அசையவில்லை. "நீரே சொல்லும். பெண் எண்டு கிடக்கு, ஆண் எண்டு கிடக்கு, துணை எண்டு கிடக்கு. உதை நான் பழைய இரும்புக்குள்ளையோ போடுறது?"

"தாரா எண்டு கிடக்கே!"

"கிடக்கு. பெட்டையின்ரை பேர் எண்டு நினைச்சன். இந்த ஊரிலை தாராவுக்குத் தனிமை எண்டு ஆர் விளம்பரம் போடுவினம்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தாரா என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் இல்லை. தாராவுக்கு மனம் உளையும் என்று யோசிப்பவர்தான் இல்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை என் கையோடு வந்தால்தான் உண்டு. அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஆகவே ஞாயிறு காலை இரண்டு பேர் படலையைத் தட்டியபோது, நாங்கள் மூவரும் விளம்பரத்தைக் கண்ணால் காணாதவர்கள்.

பொடியன் எப்படி?

வந்தவர்கள் சண்டிலிப்பாயைச் சேர்ந்த ஓர் அம்மாவும் அவருடைய தம்பியும். அந்த அம்மாவின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தம்பி வேட்டி கட்டி, கக்கத்தில் துணிப்பை வைத்திருந்தார்.

"பேப்பரிலை பாத்தனாங்கள்," என்றார் அவர். "தாரா விசயமாய் வந்தனாங்கள்."

எங்கள் அம்மா கைகூப்பியே விட்டார். "முருகா! வாங்கோ, இருங்கோ. இண்டைக்குத்தான் கடைசி நாள். எங்கை ஒருத்தரும் வராயினமோ எண்டு இருந்தனாங்கள்."

வந்த அம்மாவுக்கு இந்த அவசரம் கொஞ்சம் இடறியதுபோல் இருந்தது. ஆனாலும் இருந்தார். "பொடியனைக் கூட்டிவரேல்லை. முதல் நாங்கள் ஒருக்காப் பாத்திட்டு..."

"அதுதான் முறை," என்றார் அக்கா. "பொடியன் சத்தக்காரனோ?"

"ஐயோ பிள்ளை, இருக்கிற இடம் தெரியாது. வாயே திறக்கமாட்டான்."

"எங்கடையின்ரை வாய்தான் எங்களுக்குக் கரைச்சல்," என்றார் என் அம்மா. "அயலட்டைக்கு நித்திரையில்லை."

வந்த அம்மாவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தனர். பிறகு அந்த அம்மா பெருந்தன்மையாகச் சொன்னார். "தனிய இருந்தால் மனம் உளையும்தானே. ஒரு சோடி சேந்தால் எல்லாம் அடங்கும்."

"நானும் அதைத்தான் எல்லாருக்கும் சொல்லுறன்!" அக்காவின் முகத்தில் ஒரு கிழமைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "கொஞ்ச நாள் ரெண்டையும் சேத்து விட்டுப் பாப்பம். சரிவராட்டித் திருப்பிக் கொண்டுபோங்கோ."

தம்பியார் இருமினார். "சாப்பாடு எல்லாம்?"

"இப்ப தவிடுதான். அதுவும் தின்னுறேல்லை."

"ஓம், பொருளாதாரத் தடையாலை எல்லாற்றை வீட்டிலையும் அந்தப் பாடுதான்," என்றார் அவர், தலையை ஆட்டி. "வயது?"

"ரெண்டு," என்றார் எங்கள் அம்மா.

"முப்பத்திரண்டோ? பறவாயில்லை. எங்கடை பொடியனுக்கு முப்பத்தாறு."

"முப்பத்தாறோ?" அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "தாரா அவ்வளவு காலம் இருக்குமோடி?"

இந்த இடத்தில் நான் செய்தியாளனுக்குரிய முறையில் விசாரித்திருக்க வேண்டும். தம்பியார் அதற்குள் துணிப்பையை அவிழ்த்து, மஞ்சள் பூசிய சாதகத்தை எடுத்து மடியில் வைத்தார். "பிள்ளையை ஒருக்காக் கூப்பிடுங்கோவன்."

"கூப்பிட்டால் இப்ப வராது," என்றார் அம்மா. "பங்கருக்குள்ளை நிக்குது."

"பங்கருக்குள்ளையோ? ஏன், ஹெலி ஏதும் வந்ததோ?"

"இல்லை. நீந்துது."

பின்வளவில் இருந்து ஒரு கத்தல் வந்தது. பெரிதில் தொடங்கிச் சிறுத்து இறங்கியது.

தம்பியார் எழும்பினார். "எங்களை விசரர் எண்டு நினைச்சியளோ? சண்டிலிப்பாயிலை இருந்து எதிர்க்காத்திலை சைக்கிள் உழக்கி வந்தது ஒரு தாராவைப் பாக்கவோ?" பத்திரிகையை எடுத்து மேசையில் அடித்தார். நாங்கள் மூவரும் குனிந்து வாசித்தோம். அக்காவின் காது சிவந்தது.

வந்த அம்மா மட்டும் கோபிக்கவில்லை. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வளவுக்குப் போனார். பங்கர் வாசலில் குந்தி இருந்து உள்ளே பார்த்தார். தாரா அவரை நோக்கி நீந்தி வந்தது.

"பெட்டை வடிவுதான்," என்றார். பிறகு அக்காவை அண்ணாந்து பார்த்து, "நீங்கள் கலியாணம் கட்டினனீங்களோ பிள்ளை?"

"இல்லை அம்மா. முதல் உதின்ரை விசயம் முடியட்டும்."

"அக்கா, எழும்பு!" என்று தம்பியார் படலையில் இருந்து சத்தம் போட்டார். வாழைப்பழச் சீப்பு எங்கள் வீட்டிலேயே நின்றது.

ஞாயிறு பகல்

அவர்கள் போனதும் அக்கா தாராவைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டால் போனார். அம்மா மறித்தார். "பின்னேரம் மட்டும் பாரன்." "வேறை ஆர் வரப்போகினம்?" என்றார் அக்கா. நானும் பின்னால் போனேன்.

தில்லை அண்ணை இரவு வேலை முடிந்து வந்து, படுக்கப் பாய் உதறிக்கொண்டிருந்தார். அக்கா நீட்டியதைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். அவர் ஒற்றைக்கட்டை. வீட்டுக்குள் ஒரு கட்டிலும் ஒரு சாமிப்படமும்தான்.

"நாலு மணிபோலை அன்ரன் வருவான்," என்றார் எங்களைப் பார்க்காமல். அன்ரன் அவரோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். "அதுமட்டும் கட்டில் காலிலை கட்டி விடுங்கோ ரீச்சர்."

அக்கா கட்டினார். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் குசினி வாசலில் இருந்தார்.

நாங்கள் கத்தலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. அரை மணி நேரம் போயும் வரவில்லை. அக்கா எழும்பி வேலியடிக்குப் போனார். "அன்ரன் முந்தியே வந்திட்டானோ?" நான் கிடுகில் காதை வைத்தேன். முதலில் கேட்டது தில்லை அண்ணையின் குறட்டை. நீளமாக இழுத்து, மேலே நின்று, இறங்கும் குறட்டை. அது இறங்கி முடியும் இடத்தில் ஒரு மெல்லிய குரல், கண்ணாடியோடு கதைத்த அதே குரல், இரண்டு சொல் சொன்னது. மறுபடி குறட்டை. மறுபடி இரண்டு சொல்.

அக்காவும் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவேயில்லை.

நாலு மணிக்கு அன்ரன் உரப்பையோடு வந்து கதவைத் தட்டினார். தட்டித் தட்டிக் கை நொந்த பிறகு தில்லை அண்ணை எழும்பி வந்தார். முகம் வீங்கியிருந்தது. கன்னத்தில் பாயின் வரி. பல நாள்களுக்குப் பிறகு நித்திரை கொண்ட மனிதரின் முகம். துவாய் தோளில் கிடந்தது.

"எங்கை அண்ணை தாரா?"

"எந்தத் தாரா?"

"நீங்கள்தானே வரச்சொன்னனீங்கள், கறிக்கு!"

"நித்திரை இல்லாத மனிசன் நூறு கதைப்பான். அதுக்கெல்லாம் உரப்பையோடை வாறதே?" என்றார் தில்லை அண்ணை. அவருடைய காலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தலை நீண்டு அன்ரனைப் பார்த்தது. அவர் காலால் மெதுவாக அதை உள்ளே தள்ளினார்.

வாழைப்பழச் சீப்பில் பாதியை அக்கா அன்ரனுக்குக் கொடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் முன், அக்கா தாராவை வேலிப் பொட்டால் நீட்டினார். தில்லை அண்ணை மறுபக்கம் குனிந்து வாங்கினார். பின்னேரம் அவர் வேலைக்குப் போகும் முன் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அது தவிடு தின்றது. மாசி முடியமுன் முட்டையும் இட்டது, கட்டிலுக்குக் கீழே.

"ரீச்சர், உது குறட்டை விடுது," என்று ஒருநாள் அவர் முறைப்பாடு சொன்னார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பகல் வேலைக்கு மாற்றினார்கள். தனக்கு இரவு வேலையே வசதி என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.